கோர்ட் திறந்தது தெரியாத ஒன்பது நாட்கள்

1. பழம்பொரியும் கறுப்புக் கோட்டும்

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் கறுப்புக் கோட்டு போட்ட நான்கு பேர் நின்று பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்கள். மே மாதக் கடைசி. சித்தி மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவள் நான். இந்த வேகும் வெயிலில், அதுவும் லீவு நாளில், இவர்களுக்கு எதற்குக் கோட்டு என்று மனதுக்குள் சிரித்தபடி கடந்து போனேன். பத்தடி போன பிறகுதான் உறைத்தது. கோர்ட் லீவில் எந்த வக்கீலும் கோட்டுப் போடமாட்டார்.

புடவைக்கடையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடினேன். வாசலில் முத்திரைத்தாள் விற்கும் வெண்டர் மாமா என்னைப் பார்த்ததும் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"என்னா லில்லி, ஒங்க ஆபீஸுல ஒருத்தரையும் காணல்ல? தொறந்து ஒம்பது நாளாச்சு. ஒங்க வக்கீலு தொழில விட்டாச்சோண்ணு நாங்க பேசிக்கிட்டு இருந்தோம்."

திறந்த முதல் நாளே தாக்கல் செய்திருக்கவேண்டிய பெட்டிஷன் ஒன்று, கையெழுத்தாகி, முத்திரை ஒட்டி, பாறசாலை ஆபீஸில் என் மேஜை டிராயருக்குள் பத்திரமாக இருந்தது.  மாமாவின் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

முப்பத்தொரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் வந்து, அக்கா, பழைய அனுபவம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பதுண்டு. கெட்டிக்காரத்தனம் காட்டிய கதைகள் என்னிடமும் நிறைய இருக்கின்றன. அவற்றை நான் சொல்லாவிட்டாலும் பிழையில்லை. நான் சொதப்பிய கதையைத்தான் கட்டாயம் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

2. இரண்டு கோர்ட், இரண்டு லீவு

பத்மநாபன் வக்கீலின் ஆபீஸ் பாறசாலையில், மெயின் ரோட்டை ஒட்டி, ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. அங்கிருந்து வடக்கே பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் நெய்யாற்றின்கரை கோர்ட். தெற்கே பஸ் ஏறினால் களியக்காவிளையில் மாநில எல்லையைத் தாண்டி, அதே அரை மணி நேரத்தில் குழித்துறை கோர்ட். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நிலம் ஒரு மாநிலத்தில் இருக்கும், பெண் கொடுத்த வீடு இன்னொரு மாநிலத்தில் இருக்கும். அதனால் வழக்கும் இரண்டு பக்கமும் இருக்கும். வக்கீல் இரண்டு கோர்ட்டுக்கும் போவார். கோர்ட்டுக்கு ஒரு குமாஸ்தா என்று வைத்திருந்தார். நெய்யாற்றின்கரைக்கு ராஜய்யன் அண்ணன். குழித்துறைக்கு நான்.

பதினோரு வருடம் குழித்துறையிலேயே ஓடிய பிறகு, ராஜய்யன் அண்ணன் வயதாகி நின்றுகொண்டார். அந்த வருடம் ஜனவரியில் வக்கீல் இரண்டு கோர்ட்டையும் என் தலையில் கட்டினார். நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன். கோர்ட் என்றால் கோர்ட்தானே, ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம், இரண்டும் எனக்கு வாயில் வரும் என்று நினைப்பு.

ஒரு விஷயம் மட்டும் எனக்குள் பழகவே இல்லை. சம்மர் லீவு. குழித்துறையில் மே மாதம் முழுக்க அடைப்பு, ஜூனில்தான் திறப்பு. நெய்யாற்றின்கரையில் ஏப்ரலிலேயே விஷுவை ஒட்டி அடைத்துவிட்டு மே பாதி தாண்டியதும் திறந்துவிடுவார்கள். ராஜய்யன் அண்ணன் இருந்த காலத்தில் அவர் பாட்டுக்கு மே மாதத்தில் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். நான் ஜூன் வரைக்கும் வீட்டில் மாங்காய் உப்பிலிட்டுக்கொண்டிருப்பேன். அவர் ஏன் எனக்கு முன்னால் கிளம்புகிறார் என்று பதினோரு வருடத்தில் ஒரு நாளும் நான் யோசித்தது கிடையாது. பாவம், மனிதர் சுறுசுறுப்பு என்றுதான் எண்ணியிருந்தேன்.

3. நேசையன் மெம்பர்

டிராயரில் தூங்கிய பெட்டிஷன் நேசையன் மெம்பருடையது. வெள்ளறடைக்கும் ஆரியங்கோட்டுக்கும் நடுவே ஒரு ஜங்ஷனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். வயது நாற்பதுக்கு மேல். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவர். வெளியே போவதற்குக் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. தரையில் நகர்வதற்கு இரண்டு கைகளிலும் ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொள்வார். புதிய பஞ்சாயத்துச் சட்டம் வந்து நடந்த தேர்தலில் சுயேச்சையாக நின்று ஜெயித்துவிட்டார். எந்தப் பஞ்சாயத்து என்று நான் சொல்லப்போவதில்லை. மலைப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் பஞ்சாயத்துக் கமிட்டி கீழ்த்தளத்தில்தான் கூடியது. இவரும் போய்வந்தார். பிறகு மாடியில் புது ஹால் கட்டி, ஃபேன் எல்லாம் போட்டு, கமிட்டியை மேலே கொண்டுபோனார்கள். இருபத்திரண்டு படி. பிப்ரவரி மாதம் மாடியில் நடந்த முதல் கமிட்டிக்கு இரண்டு பேர் இவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பாதிப் படியில் ஒருவன் கை மாற்றுவதற்காக நாற்காலியை இறக்கிவைத்து, மெம்பருக்கு வர வர வெயிட்டு கூடுதல் என்று சொல்ல, மேலே நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். கீழேயே நடத்துங்கள் என்று இவர் எழுதிக் கொடுத்ததற்கு, தூக்குவதற்கு ஆள் இருக்கும்போது என்ன குறை என்று பிரசிடென்ட் கேட்டாராம்.

எங்கள் ஆபீஸ் மாடி ஏறமுடியாது என்பதால் மருந்துக்கடை வாசலில் வண்டியிலிருந்தபடியே பேசினார். வக்கீல் கீழே இறங்கி வந்து கேட்டார். தூக்கிக்கொண்டு போவதில் இவ்வளவு கோபம் எதற்கு என்று வக்கீல் ஒரு வார்த்தைக்குக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"ஒரு தடவ தூக்கினா மெம்பரு, சாரே. மாசாமாசம் தூக்கினா சொமையாக்கும்."

ஊனமுற்றவர்களுக்கான புதுச் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. வக்கீல் திருவனந்தபுரத்திலிருந்து அதன் காப்பியை வரவழைத்து இரண்டு முறை வாசித்தார். பொதுக் கட்டடங்களில் சாய்தளம் வேண்டும் என்று அதில் இருந்தது. பண வசதிக்கு உட்பட்டு என்றும் இருந்தது. பஞ்சாயத்து அந்த இரண்டாவது வாசகத்தைத்தான் கட்டிப் பிடிக்கும் என்று வக்கீலுக்குத் தெரியும். அதனால் கேட்டதைச் சின்னதாகக் கேட்டார். சாய்தளம் வரும்வரைக்கும் கமிட்டியைக் கீழ்த்தளத்தில் நடத்த உத்தரவிடவேண்டும். அவ்வளவுதான். முன்சீஃப் கோர்ட்டில் வழக்கு, கூடவே இடைக்கால உத்தரவு கேட்டு ஐ.ஏ. என்ற ஒரு மனு.

இதற்குள் இன்னொரு கெடுவும் ஓடிக்கொண்டிருந்தது. தொடர்ந்து மூன்று மாதம் கமிட்டிக்குப் போகாத மெம்பருக்குப் பதவி போய்விடும். பிப்ரவரியில் போனவர் மார்ச், ஏப்ரல் போகவில்லை. மே கமிட்டிக்கும் போகாவிட்டால் சீட் காலி. இது மெம்பருக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியும். அவர்கள் அதைப் பேசிய அன்று நான் குழித்துறையில் இருந்தேன். கட்டின் மேல் அட்டையில் நான் எழுதியது கோர்ட் விசாரணைக்குப் போட்ட போஸ்டிங் தேதி மட்டும்.

4. களியக்காவிளையில் நின்ற பஸ்

முதல் தவறு ஏப்ரலில் நடந்தது. ஐ.ஏ. விசாரணைக்கு வந்த அன்று குழித்துறையிலும் எங்களுக்கு ஒரு கேஸ் இருந்தது. அங்கே பத்தரைக்குத் தலையைக் காட்டிவிட்டு, பஸ் பிடித்துப் பதினொன்றரைக்குள் நெய்யாற்றின்கரை போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். களியக்காவிளை வரைக்கும் கணக்கு சரியாகவே வந்தது. அங்கே இறங்கினால் கேரளா பஸ் ஒன்றுகூட இல்லை. யாரோ ஒரு கண்டக்டரை யாரோ அடித்துவிட்டார்களாம், மின்னல் வேலைநிறுத்தம். ஆட்டோவும் ஜீப்பும் மாற்றி மாற்றி வக்கீலும் நானும் போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோர்ட் கலைந்துகொண்டிருந்தது. பஞ்சாயத்து வக்கீல் வந்திருக்கிறார், நாங்கள் வரவில்லை. வழக்கு டிஃபால்ட்டில் தள்ளுபடி.

நெய்யாற்றின்கரையில் தெரிந்த வக்கீல் ஒருவருக்கு முந்தின நாளே போன் செய்து, தாமதமானால் எழுந்து நின்று வாய்தா கேட்கச் சொல்லியிருந்தால் போதும். ராஜய்யன் அண்ணன் எப்போதும் அப்படித்தான் செய்வார். நான் செய்யவில்லை.

வக்கீல் அதிகம் கோபப்படவில்லை. டிஃபால்ட்டில் போன வழக்கை மீட்க முப்பது நாள் கெடு உண்டு. அந்த முப்பதாம் நாள் லீவுக்குள் வந்தால், கோர்ட் திறக்கும் முதல் நாள் கொடுக்கலாம். அவர் மனைவிக்கு வேலூரில் ஆபரேஷன் வைத்திருந்தது. ரெஸ்டோரேஷன் பெட்டிஷனைத் தயார் செய்து, நெய்யாற்றின்கரையில் ஒரு நண்பரிடமும் கட்டு வந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். திறக்கும் முதல் நாள் கட்டைக் கொண்டுபோய் நண்பரிடம் கொடு, அவர் அர்ஜென்டாக மூவ் செய்து அடுத்த கமிட்டி கூடுவதற்குள் ஓர் உத்தரவு வாங்கிவிடுவார் என்றார். நான் மேல் அட்டையில், கோர்ட் திறக்கும் நாள் என்று எழுதி, பக்கத்தில் ஜூன் முதல் வேலை நாளைப் போட்டேன். மார்த்தாண்டத்து ஜவுளிக்கடைக் காலண்டரில் அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன். அந்தக் காலண்டருக்குப் பக்கத்திலேயே ராஜய்யன் அண்ணன் விட்டுப்போன மலையாளக் காலண்டர் தொங்கியது. அதில் மே மாதத் திங்கட்கிழமை ஒன்றில் அவர் ஜனவரியிலேயே போட்டுவைத்த சிவப்பு வட்டம் இருந்தது. தினமும் பார்த்திருக்கிறேன். யாருடைய பிறந்தநாளோ என்று விட்டிருந்தேன்.

5. இருபத்திரண்டு படி

வெண்டர் மாமாவின் பெஞ்சிலிருந்து எழுந்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வேலூருக்குப் பேசினேன்.  மீட்டர் ஓடுவதை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொல்லி முடித்தேன். மூன்று மாதக் கெடுவைப் பற்றி அப்போதுதான் வக்கீல் எனக்குச் சொன்னார். கமிட்டிக்கு இன்னும் இரண்டே நாள். இப்போது பெட்டிஷன் கொடுத்தாலும் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு பெட்டிஷன் வேண்டும், அதற்கு எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகவேண்டும். கமிட்டி கூடுவதற்குள் ஒன்றும் நடக்காது.

"நீ போயி அவருட்ட நேரா சொல்லு. ஆளு விட்டுச் சொல்லாதே. ஒன்ன நான் வந்து பேசிக்கிடுதேன்," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். மெம்பர் கடையில் ஒரு ரேடியோவைப் பிரித்துப்போட்டு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். குழித்துறை லீவு, நெய்யாற்றின்கரை லீவு, வட்டம் எல்லாம். அவர் கையிலிருந்த வேலையை முடித்து, ஊதி ஆற்றி, சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். ரேடியோ பாடியது.

"அப்ப நாள ஏறணும்," என்றார். "ஏறாம இருந்தா சீட்டு போவும். சீட்டு போனா பின்ன கேஸு என்னத்துக்கு?"

தூக்குவதற்கு நம் ஆட்கள் நாலு பேரைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் என் தம்பியையும் கூட்டிக்கொண்டு மறுநாள் அங்கே போனேன். போகாமல் இருக்க மனது கேட்கவில்லை.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். படிக்கட்டின் அடியில் வண்டியிலிருந்து இறங்கி, கைகளில் செருப்பை மாட்டி, முதுகைப் படிக்கட்டுக்குக் காட்டி உட்கார்ந்தார். பிறகு பின்னாலிருந்த படியில் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி வைத்தார். ஒன்று. கால்களை வேட்டியோடு சேர்த்து இழுத்துக்கொண்டார். மறுபடியும் கை ஊன்றினார். இரண்டு. மேலேயிருந்து பிரசிடென்ட் எட்டிப் பார்த்து, இரண்டு ஆளை அனுப்புகிறேன் என்றார். மெம்பர் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் அவருடைய ஃபைலைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பக்கம் இரண்டு படி தள்ளி ஏறினேன்.

"எனக்க நேரே கீள நிக்காதே, பிள்ளே. நான் விழுந்தா நீயும் சேந்தாக்கும் விழுவே," என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

நடுவில் படிக்கட்டு திரும்பும் இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டது இல்லை. நான் ஒரு தேதியைத் தப்பாக எழுதியதற்கு இந்த மனிதர் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். மேலே போய் மினிட்ஸ் புக்கில் கையெழுத்துப் போட்டபோது கை நடுங்கிக் கையெழுத்து கோணலாக விழுந்தது. கமிட்டி அரை மணி நேரத்தில் முடிந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, மூச்சு சீராவதற்கே அந்த அரை மணி நேரம் சரியாக இருந்தது.

6. மஞ்சப்பித்தம்

ஜூன் முதல் வாரம் வக்கீல் வந்தார். என்னைத் திட்டவேண்டிய அளவுக்குத் திட்டினார். அதை எழுதி இடத்தை அடைக்க வேண்டாம். பிறகு டிலே பெட்டிஷனுக்கு அஃபிடவிட் தயார் செய்ய உட்கார்ந்தார்.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கோர்ட்டுகளில் தாமதம் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. மஞ்சப்பித்தம். மனுதாரர் மஞ்சள் காமாலை கண்டு, படுத்த படுக்கையாகி, நாட்டு வைத்தியம் செய்து, எழுந்து நடமாட முடியாத நிலையில் இருந்தார் என்று எழுதுவோம். வைத்தியர் சர்ட்டிபிகேட்டும் கிடைக்கும். கெடு தவறியவர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் காலத்தில் ஈரல் கெட்டிருந்தது என்று கோர்ட் ரெக்கார்டை வைத்து நிரூபிக்கலாம்.

வக்கீலும் வழக்கம்போல அதையே சொல்ல, நானும் வழக்கம்போல டைப் அடித்தேன். கையெழுத்துக்கு மெம்பர் வந்தபோது இருவரும் கீழே இறங்கிப் போனோம். வண்டியிலிருந்தபடியே முழுவதையும் வாசித்தார். ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார். எழுந்து நடமாட முடியாத நிலையில் இருந்ததால் என்ற வரி.

"இதில நான் ஒப்பு வைக்க மாட்டேன், சாரே."

எல்லாரும் எழுதுவதுதான், இதில் ஒன்றும் இல்லை என்று வக்கீல் சொன்னார்.

"எல்லாரும் எழுதலாம். நான் எழுதப்பிடாது. எனக்க கேஸே அதாக்கும். என்னால ஒண்ணும் முடியாதுண்ணு அவிய சொல்லுதாவ. படிதான் முடியாததுண்ணு நான் சொல்லுதேன். இப்ப நானே படுத்த படுக்கைண்ணு எழுதிக் குடுத்தா, பின்ன நான் என்னத்தச் சொல்ல?"

 வக்கீல் என் பக்கம் திரும்பி, அப்படியென்றால் மஞ்சப்பித்தம் லில்லிக்கு வந்ததாக இருக்கட்டும், குமாஸ்தா படுத்துக் கிடப்பில் ஆகிவிட்டாள் என்று எழுதலாம் என்றார். எனக்கு அது வசதியான வழி. யாரும் என்னைக் குறை சொல்லமுடியாது, நோயாளியைப் பார்த்து யார் என்ன சொல்வார்கள்? ஆனால் அந்த மனிதர் இருபத்திரண்டு படி ஏறியதைப் பார்த்துவிட்டு, எனக்குக் காமாலை என்று எழுதி அதன் கீழே கையெழுத்துப் போட எனக்கு மனது வரவில்லை. நடந்ததையே எழுதுகிறேன் சாரே, என் பெயரிலேயே அஃபிடவிட் கொடுக்கிறேன் என்றேன்.

"ஒனக்கு நாணக்கேடு ஆவும், பாத்துக்க," என்றார் வக்கீல்.

ஆகட்டும் என்றேன். மேலே போய் பழைய தாளைக் கிழித்துவிட்டு, இரண்டு கோர்ட்டின் லீவையும், என் பதினோரு வருடப் பழக்கத்தையும், தப்பான காலண்டரில் போட்ட வட்டத்தையும், ஒன்பதாம் நாள் டீக்கடையில் கண்ட கறுப்புக் கோட்டையும் வரிசையாக டைப் அடித்தேன். பழம்பொரியை மட்டும் வக்கீல் வெட்டிவிட்டார்.

7. கூட்டில் நின்றது

பஞ்சாயத்து கடுமையாக எதிர்த்தது. அவர்களுடைய பதில் மனுவான கவுண்டரைக் கையில் வாங்கி வாசித்த வக்கீல் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மே மாதக் கமிட்டியின் மினிட்ஸ் காப்பியை இணைத்திருந்தார்கள். வாதி யாருடைய உதவியும் இல்லாமல் மாடி ஏறி வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆகவே படிக்கட்டு அவருக்கு ஒரு தடையே இல்லை, வழக்கே பொய் என்று எழுதியிருந்தார்கள். என் தவறு அவரைப் படி ஏறவைத்ததோடு நிற்காமல், வழக்கையே கவிழ்க்கப் பார்த்தது.

என்னைக் கூட்டில் ஏற்றி விசாரித்தார்கள். நான் வேலை பார்த்த இடத்திலேயே சாட்சிக் கூட்டில் நிற்பது முதல் தடவை. பழகிய குமாஸ்தாக்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். பஞ்சாயத்து வக்கீல் மலையாளத்தில், இத்தனை வருடம் அனுபவமுள்ள குமாஸ்தாவுக்குக் கோர்ட் எப்போது திறக்கும் என்பது தெரியாதா என்று கேட்டார். தெரியாமல் போய்விட்டது என்றேன். வாசலில் யாரோ சிரித்தார்கள். வாதி உதவியில்லாமல் மாடி ஏறினாரா என்று அடுத்துக் கேட்டார். ஏறினார் என்றேன். எப்படி ஏறினார் என்று அவர் கேட்கவில்லை. முன்சீஃப் கேட்டார்.

சொன்னேன். முதுகைக் காட்டி உட்கார்ந்தது, கையில் செருப்பு மாட்டியது, நடுவில் நின்றது, கோணலாக விழுந்த கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்று ஏறாவிட்டால் பதவி போயிருக்கும் என்பதையும், பெட்டிஷன் முதல் நாளே வந்திருந்தால் அவர் ஏறவேண்டிய அவசியமே வந்திருக்காது என்பதையும், அது வராததற்கு நான்தான் காரணம் என்பதையும் சொன்னேன். கையோடு கொண்டுபோயிருந்த இரண்டு காலண்டரையும் கொடுத்தேன். முன்சீஃப் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்த்தார். தாமத மனு என்றால் மஞ்சள் காமாலையைத் தவிர வேறொன்றை முதல் தடவையாக இன்றுதான் வாசிக்கிறேன் என்று மலையாளத்தில் சொன்னார். இந்தத் தடவை வாசலில் சிரிப்பு கொஞ்சம் பலமாகவே வந்தது.

தாமதம் மன்னிக்கப்பட்டது. வழக்கு மீண்டது. அடுத்த வாரம் ஐ.ஏ.யிலும் உத்தரவு வந்தது. வழக்கு முடியும்வரைக்கும் கமிட்டி கீழ்த்தளத்தில்தான் கூடவேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அமரவிளை தாண்டியதும் வக்கீல் என் பக்கம் திரும்பினார்.

"மினிட்ஸ் புக்கு அவியளுக்க கையில இருந்திருக்கு," என்றார். "நாம மெம்பருக்கு மஞ்சப்பித்தம்ணு எழுதியிருந்தோம்ணா, இண்ணைக்கு நாம மூணு பேரும் கிடப்புல ஆயிருப்போம், லில்லி."

அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸிலிருந்து மஞ்சப்பித்தம் போகவில்லை. என் வேலையிலும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். கட்டின் மேல் அட்டையில் தேதி எழுதினால், அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுதுவேன். இந்தத் தேதி தவறினால் கட்சிக்காரருக்கு என்ன போகும் என்று. வீடு போகும், குழந்தையைப் பார்க்கும் உரிமை போகும், மெம்பர் பதவி போகும். வெறும் தேதியை என் கண் தாண்டிப் போய்விடும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வரியைத் தாண்டி அது போகாது. இப்போது கம்ப்யூட்டரில் தேதி போடும் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதைத்தான்.

8. கீழ்த்தளத்தில்

உத்தரவுக்குப் பிறகு கூடிய முதல் கமிட்டி அன்று, உத்தரவின் நகலைப் பஞ்சாயத்து ஆபீஸில் நேரில் கொடுத்து ரசீது வாங்க நான் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். நானேதான் போவேன் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன்.

கீழே பழைய அறையில் பெஞ்சுகளை நெருக்கிப் போட்டிருந்தார்கள். ஃபேன் ஒன்றுதான். மெம்பருடைய வண்டி வாசல் வழியாக நேராக உள்ளே போய் மேஜைக்கு முன்னால் நின்றது. பிரசிடென்ட் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். மூட்டுவலிக்காரியான ஒரு மெம்பரம்மா மட்டும், மேலே ஏறாமல் இருப்பது நல்லதுதான் என்று எனக்குக் கேட்கிற மாதிரி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

நான் ரசீதுக்காகக் கதவுக்கு வெளியே காத்திருந்தேன். உள்ளே நேசையன் மெம்பர் பேசத் தொடங்கினார். கேஸைப் பற்றி, படிக்கட்டைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்து நான் கதவுக்குக் கொஞ்சம் நெருங்கி நின்றேன். அவர் பேசியது அவர் வார்டில் சின்ன ஓடையான தோட்டுக்குக் குறுக்கே கிடக்கும் ஒரு மரத் தடிப்பாலத்தைப் பற்றி. பாலத்தின் நீளம், அகலம், மழைக்காலத்தில் எந்தப் பக்கம் மண் சரிகிறது, எத்தனை வீட்டுக்காரர்கள் அதன் வழியே போகிறார்கள், ரப்பர் பால் கொண்டுபோகிறவர்களுக்கு என்ன கஷ்டம், பத்து வருடத்துக்கு முன்னால் அங்கே யார் விழுந்தார்கள் என்று ஒன்றும் விடாமல் சொன்னார். கால் மணி நேரம் ஆயிற்று. நிற்கவில்லை. ஒரு மெம்பர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மெம்பரம்மா கைப்பைக்குள் எதையோ தேடினாள். யாரும் அவருடைய காலைப் பார்க்கவில்லை.

கடைசியில் பிரசிடென்ட் பொறுமை போய், "மெம்பரே, கொஞ்சம் சுருக்கிச் சொல்லும், வேற ஆளுவளுக்கும் பேசணும்," என்றார்.

"இன்னும் ரெண்டு பாயிண்டு உண்டு," என்று அவர் அடுத்த தாளைப் புரட்டினார்.